சித்தி வீட்டு ஃபட்ஜ்

முடிச்சூர்
12.8.2002

வினிதாவுக்கு,

உன் மூத்த ஓரகத்தி கனகவல்லி எழுதுகிறேன். பஸ் ஏறினால் வந்துவிடுகிற கோவிலம்பாக்கத்துக்குக் கடுதாசி எதற்கு என்று நீ நினைப்பாய். போன் எங்கள் ஹார்ட்வேர் கடையில் இருக்கிறது. அங்கே நின்று பேசினால் ஆணி வாங்க வந்தவன், பெயிண்ட் வாங்க வந்தவன் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். நேரில் பேசினால் என் வார்த்தை தடித்துவிடும். எழுதினால் கை வலித்தாவது நிறுத்துவேன்.

என் பெண் சுகந்தியை உன் வீட்டில் விட்டு இரண்டு மாசம் ஆகிறது. மேடவாக்கம் பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் ப்ளஸ் ஒன் முழுக்கப் பிள்ளை நொந்து நூலாகிவிட்டாள். ப்ளஸ் டூவாவது சித்தி வீட்டில் இருந்து நிம்மதியாகப் படிக்கட்டும் என்று நானும் உன் மாமாவும் பேசித்தான் அனுப்பினோம். சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வர வேண்டும் என்பதும் பேச்சு.

போன சனிக்கிழமை வந்தாள். அவளுக்கென்று காலையிலிருந்து அடுப்படியில் நின்று, நம் வீட்டு மாட்டுப் பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா கிண்டி வைத்திருந்தேன். ஒரு வாய் வைத்தாள். "நல்லாருக்கும்மா. ஆனா சித்தி மைக்ரோவேவ்ல அஞ்சே நிமிஷத்துல ஃபட்ஜ் பண்ணுவாங்க தெரியுமா?" என்றாள்.

எனக்குப் பஜ்ஜி தெரியும். அது என்ன ஃபட்ஜ்? சாக்லேட் பர்பி என்று சொன்னால் குறைந்து போய்விடுமா? அது கிடக்கட்டும். 'ஆனா' என்றாளே, அந்த ஒரு சொல் முள்ளாகக் குத்துகிறது. சோறு இறங்கவில்லை.

எனக்குப் பொறாமை எல்லாம் இல்லை. பொறாமைப்பட நீ என்ன என் சக்களத்தியா? பிள்ளைக்குப் பல் கெட்டுவிடுமே என்றுதான் சொல்கிறேன். கொஞ்சம் கையைக் குறைத்துக்கொள். இந்தச் சனிக்கிழமையும் கட்டாயம் அனுப்பு.

கனகவல்லி


கோவிலம்பாக்கம்
19.8.2002

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இவர்தான் முதலில் பிரித்துப் படித்தார். "அண்ணிக்குக் கோவம் வந்தாலும் கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தச் சனிக்கிழமை அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். அதனால்தான் அனுப்பவில்லை. நானாகப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

ஃபட்ஜ் செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தது மாடி வீட்டு ஷம்சாத் அக்கா. ஆனால் இப்போது அதைப் பாதிக்கு மேல் செய்வது சுகந்திதான். மில்க்மெய்ட் டின்னை அவளே திறப்பாள், ஒட்டியிருப்பதை விரலால் வழித்து நக்குவாள். மைக்ரோவேவ் கதவுக்கு முன்னால் கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு உள்ளே சுற்றுவதைப் பார்ப்பாள். பள்ளியில் நடந்தது முழுக்க அந்த நேரத்தில்தான் சொல்வாள். எந்த டீச்சர் திட்டினார், எவள் பேசவில்லை, எல்லாம். 'டிங்' என்றதும் என்னை இடித்துக்கொண்டு முந்துவாள். அரை நாள் அடுப்பில் கிண்டிக்கொண்டு நின்றால் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் ஏது?

உங்களுக்கும் கொஞ்சம் இவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். எவர்சில்வர் டப்பா சுகந்திக்கென்று புதிதாக வாங்கியது. திருப்பி அனுப்பிவிடுங்கள். அவள் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு வேளை தேய்க்கிறாள்.

அன்புடன்,
வினிதா


முடிச்சூர்
27.8.2002

வினிதா,

டப்பா வந்தது. நீ அனுப்பிய ஃபட்ஜை ருசிகூடப் பார்த்திருப்பேன். டப்பாவை ஏதோ யோசனையில் திருப்பினேன் பார், என் கண் அவிந்து போகாமல் இருந்ததே ஆச்சரியம்.

'கு. சுகந்தி' என்று பேர் வெட்டியிருக்கிறது.

அவள் அப்பா பெயர் ஏகநாதன். அவள் ஏ. சுகந்தி. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான், ரேஷன் கார்டில் அப்படித்தான், நான் பெற்ற அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எழுதினதும் அப்படித்தான். இந்தக் 'கு' எங்கிருந்து குதித்தது? என் கொழுந்தன் குமரேசனா அவளுக்கு அப்பன்? படிக்க இடம் கொடுத்தால் பேரையே மாற்றிவிடுவாயா? இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பார்கள், இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்.

உன் மாமாவிடம் காட்டினேன். "எழுத்து தப்பாப் பூட்ச்சி, அதுக்கு இன்னா இப்போ?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வில்லையை வாயில் போட்டுக்கொண்டார். அந்த மனுஷனுக்கு ரோஷம் கிடையாது. மீதியை மாட்டுக்கு வைத்தேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மாட்டுக்கு இருக்கிற ரோஷம் அவருக்கு இல்லை.

கேட்டுக்கொள். கடைசிப் பரீட்சை எழுதி முடித்த அன்றே அவளை அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். காலேஜ் எங்கே கிடைத்தாலும் என் வீட்டிலிருந்துதான் போவாள். டப்பாவைத் திருப்பி அனுப்புவதாக இல்லை.

கனகவல்லி


கோவிலம்பாக்கம்
5.9.2002

அக்கா,

தாம்பரம் மார்க்கெட்டில் டப்பா வாங்கினேன். பேர் வெட்டுகிறவர், "இன்னா பேரும்மா போடணும்?" என்றார். சுகந்தி என்றேன். இனிஷியல் கேட்காமலே, பில்லில் இருந்த இவர் பேரைப் பார்த்துக் 'கு' என்று வெட்டிவிட்டார். தப்பு அவருடையது.

வெட்டி முடித்து, தூளை ஊதிவிட்டு என் கையில் கொடுத்தார். படித்தேன். தப்பென்று அந்த நிமிஷமே தெரிந்தது. வேறு டப்பா எடுத்து மறுபடி வெட்டித் தரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த எழுத்து அங்கே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் வரும்போது நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன். போதுமா?

உங்கள் தங்கைக்கு வளைகாப்பு நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வளையல் போட நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, "நீ அப்புறமாப் போடலாம் வினிதா" என்று என் கையில் இருந்த வளையலை வாங்கிக்கொண்டீர்கள். சபையில் அத்தனை பேரும் பார்த்தார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லாதவள் வளையல் போட்டால் என்ன ஆகும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

பொறாமை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே 'அம்மா' என்று தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் ஓடுகிறாளே, அதைக் கூடவே வந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் பால்கோவாவுக்கு அழுகிறீர்கள். எனக்கு அந்த ஒரு கூப்பாடு கிடைத்தால் மைக்ரோவேவைத் தூக்கித் தெருவில் போட்டுவிடுவேன்.

கல்லூரி முடியும் வரை அவள் என்னிடமே இருக்கட்டும் என்று உங்களைக் கேட்க நினைத்திருந்தேன். இனி எந்த முகத்தோடு கேட்பது?

வினிதா


முடிச்சூர்
18.10.2002

வினிதாவுக்கு,

இத்தனை நாள் பதில் போடவில்லை. போடத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். வளைகாப்பு விஷயத்தில் நான் என்ன எழுதினாலும் சப்பைக்கட்டாகத்தான் இருக்கும். கிழவிகள் நாலு பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள், நான் பயந்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

இன்னொரு சமாசாரம். ஆயுத பூஜைக்கு உன் மாமா எங்கள் வீட்டுக்கும் மைக்ரோவேவ் வாங்கிவிட்டார். தாம்பரத்தில் ஆஃபர் போட்டிருந்தான். சந்தனம் குங்குமம் வைத்து, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூஜையும் போட்டாயிற்று. அன்றிலிருந்து அதன்மேல் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அந்தச் சாக்லேட் பர்பி செய்முறையை எழுதி அனுப்பு. உன்னிடம் போய்க் கேட்கிறேனே என்று நினைத்துக்கொள்ளாதே. மெஷின் சும்மா கிடக்கிறதே என்றுதான்.

கனகவல்லி


கோவிலம்பாக்கம்
24.10.2002

அக்கா,

இதில் ரகசியம் எதுவும் இல்லை. மில்க்மெய்ட் ஒரு டின். டார்க் சாக்லேட் அதைவிடக் கொஞ்சம் குறைந்த எடைக்கு, துண்டு துண்டாக உடைத்தது. வெண்ணெய் ஒரு கரண்டி. எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டு ஹையில் ஒரு நிமிஷம் வையுங்கள். எடுத்துக் கிளறுங்கள். மறுபடி ஒரு நிமிஷம், மறுபடி கிளறுங்கள். சாக்லேட் முழுக்கக் கரைந்து பளபளப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் வைத்தால் எண்ணெய் பிரிந்து வீணாகிவிடும். வறுத்த முந்திரியைக் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். கெட்டியானதும் வில்லை போடலாம்.

சுகந்திக்கு முந்திரியைவிட வால்நட்தான் பிடிக்கும். சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வினிதா


முடிச்சூர்
29.10.2002

வினிதா,

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது, எங்கள் வீட்டில் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

நீ எழுதின மாதிரியே எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு வைத்துப் பட்டனை அமுக்கினேன். அமுக்கினதுதான் தெரியும். உள்ளே மத்தாப்பு, சங்குசக்கரம், சரவெடி! நான் போட்ட கூச்சலில் உன் மாமா கடையிலிருந்து ஓடி வந்து, "இன்னாடி பண்ணிகினு கீற? வூட்டக் கொளுத்தப் பாக்குறியா?" என்று வயரைப் பிடுங்கிப் போட்டார். எதிர் வீட்டுக் கிளியம்மாள்தான் வந்து பார்த்துவிட்டு, "அதுல எவர்சில்வர் வெக்கக் கூடாதுக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நீ என்ன எழுதினாய்? 'பாத்திரத்தில்' என்று எழுதினாய். நம் வீட்டில் பாத்திரம் என்றால் எவர்சில்வர்தான். பீங்கானுக்குப் பேர் பீங்கான், கண்ணாடிக்குப் பேர் கண்ணாடி. டீச்சர் வேலை பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? வால்நட்டை எழுத ஞாபகம் வந்தது, இதை எழுத வரவில்லையா? வேண்டுமென்றேதானே விட்டாய்? இவள் கைக்கு இது வரக்கூடாது, இவள் பெண் என் கையையே பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்றுதானே?

மெஷின் தப்பித்தது. நான் வைத்தது உன் டப்பாவைத்தான். ஒரு பக்கம் முழுக்கக் கறுத்துவிட்டது, அந்தக் 'கு' மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நெருப்புகூட உன் பக்கம்தான்.

கனகவல்லி


கோவிலம்பாக்கம்
7.11.2002

அக்கா,

தீபாவளிக்கு வந்தபோதே உங்களிடம் பேச நினைத்தேன். நீங்கள் எண்ணெய்ச் சட்டியை விட்டுத் தலை நிமிரவில்லை.

பாத்திரம் என்று எழுதியபோது என் கண் முன்னால் என் கண்ணாடிக் கிண்ணம்தான் இருந்தது. மறந்தது நிஜம். வேண்டுமென்றே மறந்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். உடனே இல்லை என்று சொல்ல வரவில்லை. உங்களுக்குக் காயம் எதுவும் படவில்லை என்று மாமா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, அதையாவது நம்புங்கள்.

கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதில் பேர் எதுவும் வெட்ட முடியாது.

வினிதா


முடிச்சூர்
9.6.2003

வினிதாவுக்கு,

சுகந்தி இங்கே வந்து இரண்டு மாசத்துக்கு மேல் ஆயிற்று. நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். அதில் உன் பங்கு இருக்கிறது, இல்லை என்று சொல்ல நான் நன்றி கெட்டவள் இல்லை. மேடவாக்கம் பக்கத்துக் காலேஜிலேயே இடமும் கிடைத்துவிட்டது. மறுபடி அதே இரண்டு பஸ். வீட்டிலிருந்துதான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றாள். எது கேட்டாலும் அந்தச் "சரிம்மா"தான். அதில் உயிரே இல்லை.

நேற்று உன் கிண்ணத்தில் ஃபட்ஜ் செய்தேன். பார், எழுதும்போது நானும் ஃபட்ஜ் என்றே எழுதுகிறேன். பளபளப்பு வந்ததும் நிறுத்தினேன், வால்நட் போட்டேன், வில்லை ஒன்றுகூட உடையவில்லை. தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி எதிரில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். "சூப்பர்மா. சித்தி பண்றது மாதிரியே இருக்கு" என்றாள்.

நல்ல வார்த்தைதான் சொன்னாள். கிண்டினது என் கை, பேர் உனக்கு. எழுந்துபோய்த் தொழுவத்தில் நின்று அழுதேன். திரும்பி வந்து பார்த்தால் நாலு வில்லையைக் காகிதத்தில் மடித்துத் தனியாக வைத்திருந்தாள். யாருக்கென்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஆமாம், பொறாமைதான். போன வருஷம் இல்லை என்று எழுதினேன், பொய். உடம்பெல்லாம் பொறாமை. பதினேழு வருஷம் வளர்த்தவளை ஒரே வருஷத்தில் மறக்கடித்துவிட்டாயே. ஜெயித்துவிட்டாய், சந்தோஷமாக இரு. ஆனால் அவளை அனுப்ப மாட்டேன். அனுப்பினால் அப்புறம் எனக்கு அவள் வெறும் விருந்தாளிதான்.

கனகவல்லி


கோவிலம்பாக்கம்
14.6.2003

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சந்தோஷப்பட்டேன். 'சித்தி பண்றது மாதிரியே' என்ற வரியை இவருக்கு வாசித்துக்கூடக் காட்டினேன். இவர் எழுந்துபோய்விட்டார். ஏன் போனார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொங்கலுக்கு அப்புறம் இரண்டு சனிக்கிழமை அவளை அனுப்பவில்லை. ரிவிஷன் டெஸ்ட் என்று இவரை விட்டு உங்கள் கடைக்குப் போன் போடச் சொன்னேன். டெஸ்ட் இல்லை. அவளுக்கு ஜுரம். அனலாகக் கொதித்தது. உங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ஆட்டோ வைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள், அழைத்துப் போயிருப்பீர்கள், திருப்பி அனுப்பியிருக்க மாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் அம்மா பயந்துவிடுவாள் என்று அவளையும் சொல்லவிடாமல் செய்தேன். இவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை.

லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஈரத்துணியை நெற்றியில் போட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு விலக்கினாள். "இது அம்மா கை இல்ல" என்றாள்.

கஞ்சி கொடுத்தேன், வேண்டாம் என்றாள். ஃபட்ஜ் பண்ணட்டுமா என்று கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அம்மா எப்ப வரும்? அம்மாவை வரச் சொல்லு சித்தி" என்று அழுதாள். வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

அவள் உங்களை ஒரு நாளும் மறக்கவில்லை. மறப்பாள் என்று நான்தான் காத்திருந்தேன். உங்கள்மேல் பொறாமை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. திட்டுவதானால் எழுதித் திட்டாதீர்கள், நேரில் வந்து திட்டுங்கள்.

வினிதா


முடிச்சூர்
19.6.2003

வினிதா,

நேரில் வந்திருந்தால் அடித்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாயில் வந்ததையெல்லாம் சொல்லி உன்னைத் திட்டினேன். மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. உன் மாமா பயந்துபோய்க் கடையை மூடிவிட்டு வந்தார். பெண்ணுக்கு ஜுரம் என்று பெற்றவளுக்குச் சொல்லாமல் மறைத்தவள் மனுஷியா? இதற்கு உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். மன்னிக்கவில்லை.

சுகந்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "சித்தி பாவம்மா, தூங்கவே இல்ல, ஒரு வாரம் ஸ்கூலுக்கும் போகல. திட்டாதம்மா" என்றாள். எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது.

ஆனால் அந்த ஒரு வரி இருக்கிறதே. 'இது அம்மா கை இல்ல.' அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நீ அதை எழுதாமலே இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவா போகிறது? எழுதிய கை உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்றும் யோசித்தேன். யோசித்துவிட்டு மறுபடி திட்டினேன்.

வருகிற திங்கட்கிழமை காலேஜ் திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உன் வீட்டில் விடுகிறேன். மூன்று வருஷமும் உன்னிடமே இருக்கட்டும். இதைச் சொன்னதும் அவள் "சரிம்மா" என்று சொல்லவில்லை, என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஃபட்ஜ் பண்ணு, தின்னட்டும். கதை பேசட்டும், கேள். சனிக்கிழமை வர முடியாவிட்டால் அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு உடம்பு சுட்டால் மட்டும் எனக்குச் சொல்லிவிடு. எந்த நேரமானாலும் வருவேன். உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன், அவளை அழைத்துக்கொண்டும் போக மாட்டேன். நீ கதவை மட்டும் திற.

கனகவல்லி